வால்வுக்கு ஒரு சாண் தள்ளி

அத்தியாயம் 6

"சார், இந்த ட்யூபைப் பாத்தா எங்க நைனாவோட பழைய வலை மாதிரி கீது. இதுல மீனே நிக்காது, காத்து எப்பிடி நிக்கும்?"

கறுப்பு ரப்பர் வளையத்தைக் கையில் மாட்டிச் சுற்றினாள் ஜெனிதா. ராஜகோபாலன் சிரிக்கவில்லை. துப்பறியும் தொழிலில் உதவியாளர் கிண்டல் செய்வதும், தலைவர் சிரிக்காமல் இருப்பதும் அவரவர் கடமை என்பது அவருடைய கட்சி.

"சுத்தாதே. மேஜைமேல வை."

லஸ் முனையில் பழக்கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான் அவர்களுடைய அலுவலகம். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கிய வண்டிகளைச் சோதித்தே தலை நரைத்தவர் ராஜகோபாலன். ஓய்வு பெற்ற மறுமாதமே பலகை மாட்டிவிட்டார். கஞ்சி போட்ட வேட்டி, அதைவிட விறைப்பான முதுகு. ஜெனிதா நொச்சிக்குப்பத்துப் பெண். அம்மா மீன் விற்கிறாள். தொலைந்துபோன படகு இஞ்சினைத் தேடித் தரச் சொல்லி வந்தவள், அதைத் தானே கண்டுபிடித்துவிட்டு, சம்பளம் கேட்டு இங்கேயே உட்கார்ந்துகொண்டாள்.

எதிர் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருந்தாள் கீர்த்தி. அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் வேலை. விடிகாலை முதல் ஷிப்ட். மயிலாப்பூரிலிருந்து சைக்கிளில் போய் வருகிறாள். ஆனால் அவளுடைய பின்சக்கரம் மட்டும் போக மறுக்கிறது.

"டயர் மாத்தியாச்சு, ட்யூப் மாத்தியாச்சு சார். மறுபடியும் மறுபடியும் காலைல எறங்கிக் கிடக்கு. அந்த நேரத்துல எந்தக் கடையும் திறந்திருக்காது. நானே கழட்டி, நானே ஒட்டி, போய்ச் சேர்றதுக்குள்ள பேஷன்ட் கையை நீட்டிட்டு உக்காந்திருக்காரு. இனி ஒரு தடவை லேட்டா வந்தா வேற ஆளைப் பாத்துக்கிறோம்னு சொல்லிட்டாங்க."

"உங்கப்பா என்ன சொல்றார்?"

கீர்த்தி தயங்கினாள். "உங்க வீட்டு ஆளுங்கதான் குத்துறாங்கன்னு சொல்றாரு."

அதுதான் விஷயம். அவள் குடியிருந்தது ராஜகோபாலனின் பூர்வீக வீட்டு மாடியில். மாட வீதிக்குப் பின்னால், 'சப்-ஜட்ஜ் வீடு' என்றால் தெருவில் யாரும் கைகாட்டுவார்கள். அவருடைய அண்ணா காலமான பிறகு கீழே இருந்தது அண்ணாவின் மனைவியான மன்னியும், ராஜகோபாலனின் தங்கை காவேரியும். மாடியில் மீன் குழம்பு கொதித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மன்னி முகத்தைச் சுளித்தது நிஜம். ஆளைக் கிளப்பத்தான் டயரைக் குத்துகிறார்கள் என்று தியாகராய நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அப்பா வெள்ளைச்சாமி முடிவே கட்டிவிட்டார். இன்று மாலை ஏழு மணிக்கு வந்து மகளை அழைத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதாக இருந்தார்.

காலையில் போனில் அவரிடம் ராஜகோபாலன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். "எங்காத்து மனுஷா கை இதுல இருந்தா, நானே உங்களோட ஸ்டேஷன் படியேறி வந்து சொல்றேன்." சொன்னபோது கம்பீரமாக இருந்தது. இப்போது அந்த வார்த்தை கழுத்துப் பித்தான் போல இறுக்கியது.

ட்யூபில் லேசாகக் காற்றடித்து, செய்தித்தாளின் மேல் சக்கரம் போல வட்டமாகப் படுக்க வைத்தார். வால்வு தன் பக்கம் இருக்கும்படி திருப்பினார். ஒட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டார். பிறகு கைவிரல்களை விரித்து வால்விலிருந்து அளந்தார்.

"எல்லா ஒட்டும் வால்வுக்கு ஒரு சாண் தள்ளி. ஒரே பக்கம். ஆணியும் முள்ளும் ரோட்டுல கிடக்கற சாமான். உருள்ற சக்கரத்துல எங்கே வேணும்னாலும் ஏறும். ஒரே இடத்துல வந்து ஏறணும்னு அதுக்கு என்ன வேண்டுதல்?"

"டயருக்குள்ளயே முள்ளு குந்திக்கினு இருந்தா?" என்றாள் ஜெனிதா.

"பஞ்சை வெச்சு உள்ள முழுக்கத் தடவிப் பாத்துட்டேன்," என்றாள் கீர்த்தி. "முள் இருந்தா பஞ்சு மாட்டும். ஒண்ணும் மாட்டல. ஸ்போக் முனை குத்துதோன்னு ரிம் நாடாவையும் புதுசா போட்டேன்."

"கெட்டிக்காரி. ஆனா ரிம் பக்கத்துல ஓட்டையே இல்லை. தரை படற பக்கத்துலயும் இல்லை." ட்யூபின் பக்கவாட்டைத் தட்டினார். "எல்லாம் விலாவுல. இது ஓடற சக்கரத்துல விழுந்த ஓட்டை இல்லைம்மா, நின்னுண்டிருந்த சக்கரத்துல விழுந்தது. அதுவும் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி நின்னுண்டிருந்த சக்கரம். உன் வண்டி ஏன் ஒரே மாதிரி நிக்கறது?"

கீர்த்தி யோசித்தாள். "என் பம்புக்குக் குழாய் குட்டை சார். வால்வைக் கீழ கொண்டுவந்தாத்தான் எட்டும். சாயங்காலம் காத்தடிச்சு அப்படியே விட்டுடுவேன். பஞ்சரான நாள் தவிர காலைல அடிக்கறதில்ல. நடையைக் கழுவிக் கோலம் போடறதுக்கு முன்னால அங்க செருப்போட நிக்கக் கூடாதுன்னு பெரியம்மா சொல்லியிருக்காங்க."

மன்னியின் சட்டம். ராஜகோபாலன் தலையசைத்தார். அதில் அவருக்குக் குறையில்லை. "வண்டியோட எந்தப் பக்கம் சுவரைப் பார்த்து இருக்கும்?"

"இடது பக்கம். சங்கிலிக் கறுப்பு சுவத்துல படக் கூடாதுன்னு அதுவும் அவங்கதான்..."

ராஜகோபாலனின் விரல் ட்யூபின் மேல் நின்றது. ஒட்டுகள் அத்தனையும் இடது விலாவில்.

"நடைல வர்றவன் வலது பக்கத்துலதானே குத்துவான்?" ஜெனிதா குனிந்து பார்த்தாள். "இது செவுத்துப் பக்கம். செவுத்துக்குக் கை மொளச்சிக்கிச்சா சார்?"

"பேசாம இரு. அம்மா, எந்தெந்த நாள்ல நடந்தது?"

"கணக்கே இல்ல சார். சில சனிக்கிழமை. நடுவுல வேற நாளும். அந்த நேரத்துல அழுகையா வரும். காவேரி ஆன்ட்டி மட்டும் ஜன்னல்லேருந்து பேச்சுக் குடுத்துட்டே இருப்பாங்க. பாட்டுக்கூடப் பாடுவாங்க."

"என் தங்கை," என்றார் ராஜகோபாலன், கொஞ்சம் நிமிர்ந்து. "உடம்பு சரியில்லாதவ. ஆனா மனசு தங்கம்."

ஜெனிதா சுவரில் தொங்கிய காலண்டரைத் திருப்பிக்கொண்டிருந்தாள். "சொல்லுங்கக்கா, அந்த வேற நாளுங்களச் சொல்லுங்க." கீர்த்தி நினைவுக்கு வந்ததைச் சொன்னாள். ஜெனிதா விசில் அடித்தாள். "சார், வெள்ளிக்கிழமைக்கு மறுநாள். பிரதோஷத்துக்கு மறுநாள். வெள்ளியும் பிரதோஷமும் எங்கம்மாக்குப் போணி ஆவாத நாளு. கூடைய எடுத்தாந்தா மயிலாப்பூர் பூரா கோயிலுக்குப் பூட்டிருக்கும். நான் எப்பிடி மறப்பேன்?"

ராஜகோபாலனுக்கு நெஞ்சில் இருந்த கல் கீழே இறங்கியது. அந்த இரண்டு நாளும் சாயங்காலம் மன்னி கபாலி கோவிலில் இருப்பாள்; குத்தியது அவளாக இருக்க முடியாது. உடனே போனை எடுத்தார்.

"மன்னி, நீங்க பிரதோஷத்துக்குப் போறச்சே ஆத்துல யார் இருக்கா?"

"ஒருத்தரும் இல்லை ராஜு. பூட்டிண்டுதான் போவேன். ஏன், இன்னிக்கும் போறேனே."

போனை வைத்தார். "ஆத்துல யாரும் இல்லை. காவேரியையும் அழைச்சுண்டு போறா போலிருக்கு. அப்போ வெளியாள். காலி வீடுன்னு தெரிஞ்சு உள்ளே வர ஒருத்தன். இன்னிக்கு மன்னி கிளம்பறதுக்கு முன்னாடியே போய் நடையில உக்காரப் போறோம்."

"வண்டி தயாரா இருக்கு சார். புது ட்யூப். காத்தடிச்சு நிறுத்திட்டுத்தான் வந்தேன்," என்றாள் கீர்த்தி. "நான் போய் அப்பாவைக் கூட்டிட்டு வர்றேன். உங்க வீட்டு ஆளா இருக்கக் கூடாதுன்னுதான் எனக்கும்."

*

சப்-ஜட்ஜ் வீட்டு நடை, இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்ப வேண்டிய அகலம். முன்னால் தெருவைப் பார்த்த கம்பிக் கதவு. பின்னால் மாடிப்படி. வலது பக்கம் அடுத்த வீட்டுச் சுவர். இடது பக்கம் வீட்டின் வாசற்கதவும், அதைத் தாண்டி முழங்கால் உயரத்திலேயே தொடங்கும் ஒரு பழைய ஜன்னலும். கம்பிகளுக்குப் பின்னால் மரக்கதவுகள் சாத்தியிருந்தன. அதை ஒட்டி நின்றது கீர்த்தியின் சைக்கிள்.

இருவரும் மாடிப்படிக்கு அடியில், காலித் தண்ணீர்க் கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்தார்கள். தான் பிறந்த வீட்டிலேயே திருடனைப் போல ஒளிய வேண்டியிருக்கிறதே என்று ராஜகோபாலனுக்கு முகம் எரிந்தது.

கொஞ்ச நேரத்தில் மன்னி அர்ச்சனைத் தட்டோடு வெளியே வந்தாள். வாசற்கதவைப் பூட்டினாள். பூட்டை இழுத்துப் பார்த்தாள். கம்பிக் கதவைச் சாத்தி அதற்கும் ஒரு பூட்டு. அதையும் இழுத்துப் பார்த்தாள். செருப்பில்லாத காலடி தெருவில் மறைந்தது.

"சார்," என்றாள் ஜெனிதா மெதுவாக. "திருடன் வர்றது இருக்கட்டும். நம்மள வெச்சுப் பூட்டிக்கினு போய்ட்டாங்களே."

ராஜகோபாலனுக்கு அப்போதுதான் உறைத்தது. கம்பிக் கதவுக்கு இன்னொரு சாவி கீர்த்தியிடம். அவளோ தி. நகரில். மன்னிக்குப் போன் செய்தால், வீட்டையே வேவு பார்க்க வந்ததைச் சொல்ல வேண்டும். அதைவிட இங்கேயே வெந்து போகலாம்.

"வெளியாள் இதுக்குள்ள எப்பிடி வருவான்?" ஜெனிதா விடவில்லை. "கம்பிக்கு நடுவுல கருவாடா இருந்தாத்தான் வர முடியும்."

ராஜகோபாலன் துண்டால் விசிறிக்கொண்டார். கழுத்தில் வியர்வை ஓடியது. கேன்களிலிருந்து கிளம்பிய கொசு வேட்டியை மதிக்கவில்லை. தெருவில் போகிற ஸ்கூட்டர், பூக்காரியின் குரல், யாரோ யாரையோ கூப்பிடுவது, எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. ஆனால் கதவு பூட்டியிருந்தது. இன்ஸ்பெக்ஷனுக்குப் போன எத்தனையோ கராஜ்களில் மணிக்கணக்கில் நின்றிருக்கிறார். அங்கே வேண்டும்போது வெளியே வரலாம். அந்த ஒரு வித்தியாசம் இவ்வளவு பெரிதா?

"ஆத்துல யாரும் இல்லை" என்று மன்னி சொன்னது காதில் மறுபடி கேட்டது. யாரும் இல்லை. ஆனால் மன்னி தனியாகத்தானே போனாள்? அப்படியானால் காவேரி...

அந்த எண்ணம் முடிவதற்குள் தாழ்ப்பாள் ஒன்று நகர்ந்தது.

கம்பிக் கதவிலிருந்தோ வாசற்கதவிலிருந்தோ அந்தச் சத்தம் வரவில்லை. ஜன்னலின் மரக்கதவு கையளவு திறந்தது. கம்பிக்கு நடுவிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. மெலிந்த கை, இரண்டு வளையல். உள்ளிருந்து இன்னொரு கை நீண்டு, அந்த வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றித் தந்தது. வெளியே இருந்த கை டயரை மெல்லத் தடவியது, தூங்குகிற குழந்தையின் கன்னத்தைத் தொடுவது போல. வால்வுக்கு ஒரு சாண் தள்ளி, அந்தக் கைக்கு எட்டக்கூடிய ஒரே இடத்தில் நின்றது. அழுத்தியது.

ஸ்ஸ்ஸ்ஸ்...

அந்தக் கையின் சுண்டுவிரல் வளைந்திருந்தது. ஊஞ்சலிலிருந்து விழுந்து முறிந்த விரல். விழுந்தவளைத் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் ஓடியவர் ராஜகோபாலன்தான்.

எழுந்தார். முதுகு படியில் இடித்தது.

"காவேரி."

கை திடுக்கிடவில்லை. இன்னொரு கை ஊக்கை வாங்கி மூடி, வளையலில் திரும்ப மாட்டியது. "அண்ணாவா? நீ கோவிலுக்குப் போகலையா?"

"நீயா இதைப் பண்றே?"

"நான்தான்."

"எதுக்கு?" அவர் ஜன்னலருகே வந்தார். "குறும்பு பண்ற வயசா? காத்தைப் பிடுங்கி விட்டிருந்தாக்கூடப் புரியும்."

"காத்தைப் பிடுங்கினா அஞ்சு நிமிஷத்துல அடிச்சுண்டு போயிடுவா. ஓட்டைன்னா அரைமணி உக்காருவா." ஜன்னலுக்குப் பின்னால் இருந்த முகம் மங்கலாகத் தெரிந்தது. "மன்னி ஸ்நானம், பூஜைன்னு இருப்பா. அந்த அரைமணி நாங்க பேசிண்டிருப்போம். ரோட்டுல என்ன நடக்கறது, பாலத்து மேல காத்து எப்படி அடிக்கறது, எல்லாம் சொல்லுவா. அரைமணிக்குத்தான் அண்ணா. வேற யார் வரா இங்கே?"

ஜெனிதா கேன்களுக்கு நடுவிலிருந்து எழுந்து நின்றாள். அவளிடம் அப்போது கிண்டல் ஏதும் இல்லை.

"பேசணும்னா வெளியே வந்து பேசேன்," என்றார் ராஜகோபாலன். "ஜன்னல் வழியா என்ன பேச்சு?"

"கதவு பூட்டியிருக்கே."

"மன்னி வாசக்கதவைப் பூட்டிண்டு போயிருக்கா. மத்த நேரத்துல..."

"வாசக்கதவு இல்லை. என் ரூம் கதவு. வெளிப்பக்கமா."

நடை இன்னும் குறுகியது போலிருந்தது.

"எப்போலேர்ந்து?"

"பாண்டி பஜாருக்குப் போயிட்டு வழி தெரியாம மாம்பலம் ஸ்டேஷன்ல உக்காந்துட்டேனே, ஆட்டோக்காரர் கொண்டுவந்து விட்டாரே, தெருவே வேடிக்கை பார்த்ததே, அன்னிலேர்ந்து. முதல்ல கோவிலுக்குப் போறச்சே மட்டும் பூட்டினா. அப்புறம் ராத்திரி. இப்போ எப்பவும்."

"நான் மாசாமாசம் வரேனேடி!"

"நீ வரப்போ கூடத்துல கொண்டுவந்து உக்காத்தி வெப்பா. நீ காப்பியைக் குடிச்சுட்டு, 'உடம்பைப் பார்த்துக்கோ'ன்னுட்டுப் போயிடுவே."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! என்கிட்ட வேண்டாம், அந்தப் பொண்ணுகிட்டயாவது!"

"ஆத்து விஷயம் தெருவுக்குப் போகப்படாதுன்னு நீதானே அண்ணா சொல்லுவே?" காவேரியின் குரலில் குற்றச்சாட்டே இல்லை. அதுதான் தாங்கவில்லை. "மன்னி பூட்டி வெக்கறான்னு நான் சொன்னா நம்மாத்துப் பேர் என்னத்துக்காகும்? ஒரு பஞ்சர்னா யாருக்கு என்ன நஷ்டம்னு நினைச்சேன்."

"அந்தப் பொண்ணுக்கு வேலை போகப் போறது."

ஜன்னலிலிருந்து மிக மெல்லிய குரல் வந்தது. "அவ சொல்லவே இல்லையே. ஒவ்வொரு தடவையும் 'பரவாயில்லை ஆன்ட்டி, பரவாயில்லை ஆன்ட்டி'ன்னாளே."

மரக்கதவு சாத்திக்கொண்டது. டயர் கடைசி மூச்சை விட்டு விளிம்பில் உட்கார்ந்தது.

ராஜகோபாலன் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெரு விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன.

"சார்." ஜெனிதா பக்கத்தில் வந்தாள். "ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதீங்க. இது நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். மூஞ்சி தெரியாதவன் ஒருத்தன் கம்பிவழியா கைய வுட்டான், குத்திட்டு ஓடிட்டான்னு சொல்லுங்க. நானும் பார்த்தேன்னு சொல்றேன். உங்க வூட்டுப் பேரு அப்பிடியே நிக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, கேஸு முடிஞ்சிடும். அந்தக்கா வண்டிய வேற எடத்துல நிறுத்துவாங்க." ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். "ஜன்னலாண்ட யாரும் உக்கார மாட்டாங்க."

பெயர் நிற்கும். பூட்டும் நிற்கும். அவர் கண்ணை மூடிக்கொண்டார். சப்-ஜட்ஜ் தாத்தாவின் படத்துக்குக் கீழே, கூடத்தில், எத்தனையோ முறை காப்பி குடித்த அந்த நாற்காலி தெரிந்தது. எதிரே தலை வாரிப் பொட்டு வைத்து உட்கார வைக்கப்பட்டிருந்த தங்கை தெரிந்தாள். வண்டியின் கீறலைப் பார்த்து எந்தப் பக்கமிருந்து லாரி இடித்தது என்று சொல்லத் தெரிந்தவருக்கு, ஒரு முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரியாமல் போயிருந்தது.

ஆட்டோ ஒன்று வாசலில் நின்றது.

வெள்ளைச்சாமி இறங்கினார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, கையில் மடித்த குடை. பின்னால் கீர்த்தி சாவியோடு ஓடி வந்தாள். கம்பிகளுக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்ததும் வெள்ளைச்சாமியின் புருவம் உயர்ந்தது.

"என்னங்கய்யா, நீங்க உள்ள இருக்கிய? உங்களையே பூட்டிட்டாங்களா?"

"சாவி இதோ சார், ஒரு நிமிஷம்," என்று கீர்த்தி பூட்டைத் தொட்டாள்.

குடை நீண்டு அவள் கையைத் தடுத்தது. "இரு தாயி. தொறக்காத. ஐயா காலைல எனக்கு ஒரு வாக்குக் குடுத்தாரு. மொதல்ல பதிலச் சொல்லட்டும். தொறந்தபெறவு வாங்க, காப்பி சாப்பிடுங்கன்னு பேச்சு வேற பக்கம் போயிரும். நான் வியாபாரி, எனக்குத் தெரியும்லா."

"அப்பா!"

"நீ சும்மா இரு." அவர் கம்பியருகே வந்தார். எதிர் வீட்டு மாடியில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. இன்னொன்றும். "சொல்லுங்கய்யா. எம்மவ வண்டியக் குத்துனது வெளியாளா, உங்க வீட்டாளா?"

அந்தத் தெருவில் சப்-ஜட்ஜ் வீட்டு மனிதர் ஒருவர் கம்பிக்குப் பின்னால் நின்று பதில் சொன்னதில்லை. ஜெனிதா வாயைத் திறந்தாள். ராஜகோபாலன் கையைக் காட்டினார். அவள் மூடிக்கொண்டாள்.

"எங்காத்து மனுஷிதான்," என்றார். குரலைத் தாழ்த்தவில்லை. "என் தங்கை காவேரி."

கீர்த்தி கம்பிவழியாக ஜன்னலைப் பார்த்தாள். "ஆன்ட்டியா? சும்மா சொல்லாதீங்க சார்."

"ஊக்கால குத்தினா. நான் என் கண்ணால பார்த்தேன். உன்னைக் கிளப்பறதுக்கு இல்லைம்மா, உக்காத்தி வெக்கறதுக்கு. அவளை ரூமுக்குள்ளே போட்டு வெளியே பூட்டியிருக்கு. மாசக்கணக்கா. உன் குரல் ஒண்ணுதான் அந்த ஜன்னல் வழியா உள்ளே போயிருக்கு." வெள்ளைச்சாமி பக்கம் திரும்பினார். "ஸ்டேஷனுக்கு வரேன். சைக்கிள் புகாரை நீங்க குடுங்கோ. பூட்டுப் புகாரை நான் குடுக்கறேன். ரெண்டுலயும் எங்காத்துப் பேர்தான் இருக்கும்."

வெள்ளைச்சாமி குடையைத் தாழ்த்தினார். "பூட்டியா வச்சிருக்கு?" என்று மட்டும் கேட்டார். பிறகு மகளிடம், "தொற தாயி, சீக்கிரம் தொற," என்றார்.

கம்பிக் கதவு திறந்தது. ராஜகோபாலன் வெளியே வரவில்லை.

தெரு முனையிலிருந்து மன்னி வேகமாக வந்துகொண்டிருந்தாள். தட்டில் பாதித் தேங்காயும் வில்வமும். எதிர் மாடித் தலைகளைப் பார்த்தாள், ஆட்டோவைப் பார்த்தாள், கொழுந்தனைப் பார்த்தாள். எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ராஜு, தெருவே பாக்கறது. உள்ளே வந்து பேசு."

"பாக்கட்டும் மன்னி. சாவியைக் குடுங்கோ."

"எதுக்கு?" மன்னி தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். "எழுபது வயசுல நான் ஒண்டி. அவ மறுபடி காணாமப் போனா எங்கேன்னு போய்த் தேடுவேன்? நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நாத்தனாரைத் தெருவுல விட்டான்னு என்னைத்தானே சொல்லுவா? நீ வந்து தேடுவியா? மாசத்துக்கு ஒரு நாள் வரவன் நீ!"

நியாயம் முழுவதும் ஒரு பக்கமே இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்!

"தேடலை. அது என் தப்பு," என்றார். "இனிமே தினம் வரேன். உங்களால தனியா முடியலைன்னு எனக்குச் சொல்லியிருக்கணும். பூட்டுகிட்ட சொல்லியிருக்கப்படாது. குடுங்கோ."

மன்னி இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். அவர் கையில் கொடுக்கவில்லை. தட்டின் மேல் வைத்து நீட்டினாள். அவர் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கூடத்தைத் தாண்டி ஒரு பூட்டு திறக்கும் சத்தம் தெருவரை கேட்டது.

காவேரி வந்தாள். வாசலில் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். கீர்த்தியின் முன்னால் வந்து நின்றாள். இறங்கிக் கிடந்த சக்கரத்தைக் காட்டினாள். கீர்த்தி அழுதாள். கோபமாகவும் இருந்தது அந்த அழுகை.

"ஒரு தடவை சொல்லியிருக்கலாம்ல ஆன்ட்டி? நான் சும்மாவே உக்காந்திருப்பேனே."

"நாளைக்கு முதல் ஷிப்ட்டுக்கு நான் உங்க ஆஸ்பத்திரிக்கு வரேன்," என்றார் ராஜகோபாலன். "இத்தனை தடவை நீ லேட்டா வந்ததுக்கு யார் காரணம்னு உங்க மேலதிகாரிகிட்ட நானே சொல்றேன். இப்போ ஸ்டேஷன்."

வெள்ளைச்சாமி தலையை ஆட்டினார். "எம்புகார் கெடக்கட்டும். இந்த அம்மா மேலயா நான் கேஸ் குடுக்கப் போறேன்? உங்களது உங்க இஷ்டம்."

"கிடக்கப்படாது. நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"அப்ப இவுகளக் கேளுங்க. பூட்டு இவுகளுக்குப் போட்டதுதானே?"

எல்லோரும் காவேரியைப் பார்த்தார்கள். யாரும் தன்னைக் கேட்டு நீண்டகாலம் ஆகியிருந்ததால், கேள்வி தனக்குத்தான் என்று அவளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

"ஸ்டேஷனுக்கு நாளைக்குப் போகலாமா வேண்டாமான்னு நான் யோசிச்சுச் சொல்றேன்," என்றாள். "இப்போ சுவாமி பிராகாரம் சுத்தி முடிஞ்சிருக்காது. நான் கோவிலுக்குப் போயிட்டு வரேன்."

"தனியாவா?" என்றாள் மன்னி.

காவேரி படி இறங்கினாள். ராஜகோபாலன் பத்தடி விட்டுப் பின்னால் நடந்தார். அவருக்குப் பின்னால் ஜெனிதா.

தெரு முனையில் காவேரி நின்றுவிட்டாள். இடது பக்கம் பார்த்தாள். வலது பக்கம் பார்த்தாள். மாட வீதி எந்தப் பக்கம் என்று அவளுக்கு மறந்து போயிருந்தது. பின்னாலிருந்தே தெரிந்தது. ராஜகோபாலனின் கால் முன்னே போனது. ஜெனிதா அவருடைய மேல்துண்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"இருங்க சார்."

காவேரி பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்தவளிடம் குனிந்தாள். "கபாலி கோவிலுக்கு எப்படிம்மா போகணும்?"

பூக்காரி தலையைத் தூக்காமலே கையை நீட்டினாள். "அப்பிடியே நேராப் போம்மா. கூட்டம் போய்க்கினுதானே கீது."

காவேரி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, அந்தக் கூட்டத்தோடு நடந்தாள்.